நூறு என்பது காசிமாயன்

சமயநல்லூரைத் தாண்டித் திண்டுக்கல் ரோட்டில் போகிற எவரும் உக்கிரபாண்டி பொறியியல் கல்லூரியைத் தவறவிட முடியாது. கல்லூரி வருவதற்கு அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே நிறுவனரின் முகம் வந்துவிடும். கல்வித்தந்தை உக்கிரபாண்டி ஒரு ஃப்ளெக்ஸில் கைகூப்புகிறார், அடுத்ததில் புறா விடுகிறார், அதற்கடுத்ததில் கம்ப்யூட்டரை உற்றுப் பார்க்கிறார். கம்ப்யூட்டர் அணைந்திருப்பது ஃப்ளெக்ஸிலேயே தெரியும்.

அந்தக் கல்லூரியில், பஸ் ஷெட்டுக்குப் பின்னால், ஒருகாலத்தில் பழைய டயர்களைப் போட்டு வைத்திருந்த அறையில் ‘ஒளிசார் உயிர் உணர்வி உயராய்வு மையம்’ இயங்கியது. பெயர்ப்பலகை அறையின் வாசலைவிட அகலம். அதற்குள் ஏழு வருஷமாக அடைபட்டிருந்தாள் ரம்யாஸ்ரீ.

அடைபட்டிருந்தாள் என்று சொன்னால் அவளுடைய கைடு, டீன் தமிழ்மாறன், கோபித்துக்கொள்வார். கதவு எப்போதும் திறந்துதான் கிடந்தது. ஆனால் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எம்.டெக். பட்டம் வரைக்கும் அவளுடைய அசல் சான்றிதழ்கள் அத்தனையும் ஆபீஸ் பீரோவுக்குள் இருந்தன. சேரும்போது சரிபார்ப்பதற்கென்று வாங்கியவை, இன்னும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் ஆய்வை முடித்து, ஆய்வுச் சுருக்கமான சினாப்ஸிஸில் டீன் கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பீரோ திறக்கும். ஹைதராபாத்தில் ஒரு கம்பெனி அவளுக்கு வேலை வைத்துக்கொண்டு மூன்றாவது முறையாகத் தேதியைத் தள்ளிப் போட்டிருந்தது. வருகிற ஒன்றாம் தேதி அசல் சான்றிதழோடு வந்து நிற்காவிட்டால் நாலாவது முறை கிடையாது என்று கடிதத்தில் மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். வீட்டில் சௌராஷ்டிர பாஷையில் தொடங்குகிற எந்தப் பேச்சும் கடைசியில் “எப்ப முடியும்?” என்று தமிழில் வந்து நிற்கும்.

கருவி என்னவோ நல்ல கருவிதான். தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு, அதன்மேல் மஞ்சள் பூச்சு. வெயிலில் காட்டினால் பூச்சில் துளி மின்சாரம் பிறக்கும். பேட்டரி வேண்டாம், பிளக் வேண்டாம். தகட்டின்மேல் சிறுநீரை விடும்போது, அதில் ஆல்புமின் என்கிற புரதம் இருந்தால், அது பூச்சில் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தின் வழியை மறிக்கும். மீட்டரில் எண் இறங்கும். சிறுநீரகம் கெட ஆரம்பிக்கும்போது முதலில் கசிவது அந்தப் புரதம்தான். ஆளுக்கு வலி தெரிவதற்குப் பல வருஷம் முன்னாலேயே தகட்டுக்குத் தெரிந்துவிடும். மேகம் வந்து எண்ணைக் குழப்பிவிடாமல் இருக்க, பக்கத்தில் ஒரு வெறும் தகட்டையும் வைத்து வெயிலின் ஏற்ற இறக்கத்தை ரம்யாஸ்ரீ கழித்துவிடுவாள். அவள் கண்டுபிடித்ததற்கு டீன் ‘உக்கிர ஒளி’ என்று பெயர் வைத்தார். மதுரை ஜில்லாவில் வெயில் அடிப்பதே நிறுவனர் தயவில்தான் என்கிற மாதிரி.

சரி, எண் இறங்குகிறதென்றால் எதிலிருந்து இறங்குகிறது? அதற்கு நோய்நொடி இல்லாத ஆட்களின் அளவு வேண்டும். முறைப்படி முப்பது பேரிடமாவது வாங்க வேண்டும்.

“முப்பது பேருக்கு எங்கம்மா போறது?” என்றார் டீன். “நம்ம காசிமாயன் இருக்கான்ல.”

காசிமாயன் கல்லூரி அட்டெண்டர். ஐம்பதைத் தாண்டியவர். விழா என்றால் நாற்காலி போடுவது, ஃப்ளெக்ஸ் கட்டுவது, விழா முடிந்தால் நாற்காலி எடுப்பது, ஃப்ளெக்ஸை மட்டும் எடுக்காமல் விடுவது அவர் வேலை. கல்லூரியில் விழா இல்லாத வாரம் கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ரத்தம், சிறுநீர் எல்லாம் வெளியே கொடுத்துப் பார்த்தார்கள். பழுதே இல்லாத உடம்பு. அன்றைக்கு அவருடைய தகடு காட்டிய மின்சாரத்துக்கு ‘நூறு’ என்று பெயர் வைத்தாள் ரம்யாஸ்ரீ. அதற்குக் கீழே போனால் நோய். அதிலிருந்து திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்குக் காசிமாயன் மூடிபோட்ட பாட்டிலோடு வந்து நிற்பார். பதினோரு ஆய்வுக் கட்டுரைகளில் ‘ஆரோக்கியமான தன்னார்வலர்’ என்று வருவது அவர்தான். தன்னார்வம் உண்டா என்று அவரை யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

காசிமாயனுக்கோ பெருமை தாங்காது. டீன் அவரை ‘கன்ட்ரோல்’ என்று ஒருதரம் சொன்னதிலிருந்து, பஸ் ஷெட் முழுக்கத் தன் கன்ட்ரோலில் இருப்பதாக நடந்துகொண்டார்.

“என்ன மாப்ள, நீ ஒண்ணுக்குப் போனா உலகம் பூரா உக்காந்து படிக்குதாம்ல?” என்பார் கேன்டீன் கருப்பு.

“நீ போனா ஒரு பயலும் படிக்க மாட்டான் மாப்ள. தரம் வேணும்ல.”

ஐந்து வருஷம் நூறு நூறாகவே நின்றது. அப்புறம் இறங்க ஆரம்பித்தது. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றைந்து. எண்பத்தொன்பது. ரம்யாஸ்ரீ தகட்டைச் சந்தேகப்பட்டாள். பூச்சைப் புதிதாகப் போட்டாள், உலையில் இன்னும் கொஞ்சம் சுட்டாள், ரசாயனத்தை வேறு இடத்தில் வாங்கினாள். எண்பத்துமூன்று. டீன் அவளுடைய கையைச் சந்தேகப்பட்டார்.

“உனக்குக் கைப்பக்குவம் போச்சும்மா. நார்மலே நார்மலா வரலைன்னா நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?”

அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. கடைசியில் டீனே வழி சொன்னார். காசிமாயனை நூறு என்றே வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அந்தக் கணக்குக்குத் தூக்கிவிட வேண்டியது. எழுபத்தொன்று வந்தால் அதுதான் இன்றைய நூறு. அதற்கு அவர் ‘நகர்வுத் திருத்தம்’ என்று பெயர் வைத்து, அதையே ஒரு கட்டுரையாக்கி, அதற்கு ஒரு விருதும் ஒரு பொன்னாடையும் வாங்கினார். பொன்னாடை இப்போது அவருடைய நாற்காலியில், முதுகு வியர்வைக்கு.

ரம்யாஸ்ரீ மனசுக்கு அது ஒட்டவில்லை. ஒட்டாவிட்டால் என்ன, கணக்கு ஒட்டியது. சினாப்ஸிஸ் எழுதி டீன் மேஜையில் வைத்தாள். நிறுவனரின் பிறந்தநாள் முகாம் முடியட்டும், பார்க்கலாம் என்றார்.

முகாம் ஞாயிற்றுக்கிழமை, கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில். உலகத்திலேயே வெயிலில் மட்டும் ஓடுகிற கருவி என்பதால் பந்தலுக்கு வெளியே ஒரு மேஜை போட்டார்கள். மேஜைக்கு நேர் கிழக்கே நாற்பதடி உயரத்துக்கு நிறுவனர் நின்றார், ஃப்ளெக்ஸில். அவருடைய நிழல் மேஜைமேல் விழுந்தது. தகட்டில் மின்சாரம் செத்துப்போனது.

“அண்ணே, இந்த ஃப்ளெக்ஸைக் கொஞ்சம் தள்ளிக் கட்டலாமா?” என்றாள் ரம்யாஸ்ரீ.

காசிமாயன் நாக்கைக் கடித்துக்கொண்டார். “ஐயாவை நகத்துறதா? மேசையை நகத்துவோம் பாப்பா.”

காலை பூராவும் அப்படித்தான். நிறுவனரின் நிழல் நகர நகர, காசிமாயன் மேஜையைத் தூக்கித் தூக்கி வைத்தார். ஒவ்வொரு தூக்குக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டார். அதை அவள் பார்த்தாள். பார்த்ததோடு சரி.

ஊர்க்காரர்களின் பாட்டில்கள் வரிசையாக வந்தன. முதல் ஆள் நூற்று முப்பத்தெட்டு. இரண்டாவது ஆள் நூற்று நாற்பத்தொன்று. அடுத்தது நூற்று நாற்பது, அதற்கடுத்தது நூற்று நாற்பத்துமூன்று. ரம்யாஸ்ரீ மீட்டரைத் தட்டிப் பார்த்தாள், ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். டீன் அதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டார்.

“மாபெரும் மகிழ்ச்சி! இந்த மண்ணின் மக்கள் நூற்றுக்கு நூற்று நாற்பது சதவிகிதம் ஆரோக்கியமாக இருக்கிறார்கள்!”

கைதட்டல். வரிசையில் நின்ற பாண்டியம்மாள் என்கிற பெண் மட்டும் கையைத் தட்டாமல், “நாப்பது கூட இருக்காமே, அதை என்னய்யா செய்ய? திருப்பிக் குடுக்கணுமா?” என்று கேட்டாள். டீன் மைக்கில் அடுத்த பாட்டிலைக் கூப்பிட்டார்.

கடைசியாகக் கல்லூரி சேர்மனான நிறுவனரே எழுந்து வந்தார். காருக்குள் போய், மறைவாக எடுத்த மாதிரியைத் தன் டிரைவர் கையில் கொடுத்தனுப்பினார். தகடு நூற்று ஒன்று காட்டியது.

“பாரும்யா டீனு!” உக்கிரபாண்டிக்கு முகமெல்லாம் பல். “அண்ணாநகர்ல நம்ம டாக்டர் மூணு வருசமா உசுரை வாங்குறாரு. கிட்னி ஒழுகுது, புரதம் போகுது, உப்பைக் குறை, மாத்திரையை விட்டுறாதன்னு. நம்ம மிஷினு என்ன சொல்லுது? நூத்தி ஒண்ணு! நார்மலுக்கு மேல ஒண்ணு. நாளையிலருந்து மாத்திரையைத் தூக்கிப் போட்டுறலாம்போல இருக்கே!”

எல்லோரும் சிரித்தார்கள். ரம்யாஸ்ரீயும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அப்படியே நின்றாள். மூன்று வருஷமாகச் சிறுநீரகம் ஒழுகுகிற ஆள் நூற்று ஒன்று. நார்மல் நூறு. அந்த நார்மல் இப்போது நிறுவனரின் தலைக்குமேல் குடை பிடித்துக்கொண்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தது.

மதுரைக்குத் திரும்பும்போது கோரிப்பாளையத்தில் இறங்கி, ஒரு மருந்துக் கடையில் சிறுநீரில் புரதம் பார்க்கிற அட்டைக் குச்சி வாங்கினாள். நனைத்தால் மஞ்சளாகவே இருந்தால் நல்லது, பச்சையானால் கெட்டது. ஏழு வருஷ ஆய்வை அறுபது விநாடியில் சொல்லிவிடுகிற குச்சி.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் காசிமாயன் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனதும் ஒரு குச்சியை நனைத்தாள். பச்சை. கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொன்றை நனைத்தாள். அதுவும் பச்சை. தன்னுடையதை எடுத்து வந்து பார்த்தாள். மஞ்சள். தன்னுடையதைத் தகட்டில் விட்டு வெயிலில் வைத்தாள். நூற்று நாற்பத்தொன்று.

தூக்கிவிட்ட கணக்கைக் கழித்தால் அது பழைய நூறேதான். தகட்டில் ஒரு கோளாறும் இல்லை. கையிலும் இல்லை. இரண்டு வருஷமாகத் திங்கட்கிழமைதோறும் அந்தத் தகடு ஒரு மனுஷனுக்குச் சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அவள்தான் உட்கார்ந்து அதைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

அலமாரியிலிருந்து காசிமாயனின் படிவங்களை எடுத்தாள். வருஷத்துக்கு ஒன்று. ‘தன்னார்வலர் மருந்து ஏதும் உட்கொள்கிறாரா?’ என்ற கேள்விக்கு ஏழிலும் ‘இல்லை’. ஏழும் அவள் கையெழுத்து. முதல் வருஷம் அவரைக் கேட்டு எழுதியது. மீதி ஆறும் போன வருஷத்துத் தாளைப் பார்த்து எழுதியவை.

மத்தியானம் டீன் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“யாருக்கு இது தெரியும்?”

“யாருக்கும் இல்ல சார். காசிமாயன் அண்ணனுக்கே தெரியாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும் சார். அப்புறம் சேர்மன் ஐயா வேற மாத்திரையை நிறுத்தப் போறேங்கிறாரு.”

“அவர் சொல்லுவாரு. அவங்க வீட்டம்மா விடமாட்டாங்க.” டீன் பொன்னாடையில் சாய்ந்துகொண்டார். கண்ணை மூடினார். அவர் கண்ணை மூடினால் ஒரு கட்டுரை உருவாகிறது என்று அர்த்தம். “சேர்மன் எவ்வளவு?”

“நூத்தி ஒண்ணு சார்.”

“காசிமாயன் நூறு. ஒரு பர்சென்ட் வித்தியாசம். அது வெயில்லயே வர்ற வித்தியாசம்தானே?” கண்ணைத் திறந்தார். முகத்தில் ஒளி. “அப்ப ஒண்ணும் குடிமுழுகிப் போகலை. காசிமாயனை எடுத்துரு. இனிமே சேர்மன் ஐயாதான் கன்ட்ரோல். எண்ணு அப்படியே ஒத்துப்போகுது. ஒரு பேப்பரும் மாத்த வேண்டாம், ஒரு கிராஃபும் மாத்த வேண்டாம். நிறுவனரே ஆரோக்கியத்துக்கு அளவுகோல்! ஐயா எவ்வளவு சந்தோஷப்படுவார் தெரியுமா?”

“சார், அவருக்கு நோய் இருக்கு சார்.”

“நம்ம கருவிப்படி இல்லையே.”

டீன் இழுப்பறையைத் திறந்து அவளுடைய சினாப்ஸிஸை எடுத்தார். பச்சை மைப் பேனாவைத் திறந்து, கடைசிப் பக்கத்தில், சாவகாசமாக, தன் பட்டங்கள் அத்தனையோடும் கையெழுத்துப் போட்டார். ஏழு வருஷமாக அவள் காத்துக்கிடந்தது இரண்டு விநாடியில் முடிந்துவிட்டது. எட்டிப் பிடிக்கக் கை தானாக நீண்டது. அவர் திரும்பவும் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

“திருத்தாத எண்ணெல்லாம் எழுதி வச்சிருக்கியே, ஒரு நோட்டு. அது எங்க?”

“வீட்டுல சார்.”

பொய். நோட்டு அவளுடைய பைக்குள், மடியில் இருந்தது.

“நாளைக்குக் கொண்டா. நோட்டு எங்கிட்ட, இது உங்கிட்ட. ஆபீஸ்ல சொல்லி சர்ட்டிஃபிகேட்டையும் எடுத்து வைக்கச் சொல்றேன். ஒண்ணாம் தேதி நீ ஹைதராபாத்ல இருக்கலாம்.”

“காசிமாயன் அண்ணனுக்கு?”

“உன் வைவா பரீட்சை முடியட்டும். மூணு மாசம். ரெண்டு வருஷம் இருந்தவனுக்கு மூணு மாசத்துல என்ன ஆயிடப்போகுது? இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா எங்க வேலை பாக்குறே, யாரு டெஸ்ட் எடுத்ததுன்னு கேப்பாங்க. ஊரெல்லாம் நாறும். அப்புறம் உன் ஏழு வருஷம் என்ன ஆகும்னு யோசிச்சுக்க. நான் உனக்காகத்தாம்மா சொல்றேன்.”

கதவைத் திறந்துவிட்டதும் அவரேதான்.

மறுநாள் காலை பையில் நோட்டோடு அவள் கல்லூரிக்குள் நுழைந்தபோது, காசிமாயன் பஸ் ஷெட் ஓரம் பிறந்தநாள் ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அட்மின் கட்டடத்துக்குப் போக அந்த வழியாகத்தான் போக வேண்டும். அவரைத் தாண்டி நாலடி நடந்தாள். அதற்குமேல் நடக்க வரவில்லை.

“அண்ணே, உங்களுக்கு உடம்புல ஒண்ணு இருக்கு. கிட்னியில. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

காசிமாயன் சிரித்துவிட்டார். “எனக்கா? பாப்பா, உலகத்துக்கே நாந்தேன் நார்மலு. பதினோரு தடவ அச்சுல போட்டிருக்காக. நீயே போட்ட.”

“போட்டது தப்புண்ணே.”

“அச்சுல வந்தது தப்பாகுமா?”

அவரை டயர் அறைக்குக் கூட்டிப்போனாள். ஜன்னல் வெயிலில் இரண்டு தகடு. ஒன்றில் முந்தின நாள் அவர் கொடுத்தது, இன்னொன்றில் அவளுடையது. ஒன்று நூறு, ஒன்று நூற்று நாற்பத்தொன்று.

“எது நல்லது?” என்றார்.

“கூட இருக்கிறது.”

“அப்ப நூறு?”

“அது நான் வச்ச பேருண்ணே. வேற யாரையும் பாக்காம, உங்களை மட்டும் பாத்து வச்ச பேரு.”

நோட்டைப் பிரித்து, தேதியையும் எண்ணையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். நூறு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றைந்து. பக்கம் திருப்பத் திருப்ப இறங்கிக்கொண்டே வந்தது. எழுபத்தொன்றில் காசிமாயன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இம்புட்டு இறங்கியிருக்கே, நீ என்ன செஞ்ச?”

“தகடு சரியில்லைன்னு நினைச்சேன். அப்புறம் உங்களை நூறுன்னே வச்சுக்கிட்டு மத்ததையெல்லாம் தூக்கிவிட்டோம்.”

காசிமாயன் அவள் கையை விட்டார்.

“என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல பாப்பா. வாராவாரம் இங்கனதான வந்து நிக்கிறேன்.”

“என்னண்ணே கேட்டிருக்கணும்?”

“உடம்புக்கு என்ன செய்யுதுன்னு. முழங்கால் வலிக்கு மாத்திரை போடுறேன்னு சொல்லியிருப்பேன். நாற்காலி தூக்கித் தூக்கி ரெண்டு காலும் போச்சு. மருந்துக் கடையில குடுத்தான், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு. ரெண்டரை வருசமா.” அவர் குரல் தணிந்தது. “சொன்னா கன்ட்ரோலை மாத்திருவாகளோன்னு நானாவும் சொல்லலை. தெனக்கூலியா இருந்தவனை இந்த வேலைக்காகத்தேன் பெர்மனென்ட் ஆக்குனாக. இப்ப நோயின்னா என்னைய எதுக்கு வச்சுக்கிருவாக? நான் ஒண்ணும் ஆஸ்பத்திரிக்கு வாரதா இல்ல.”

அவருக்கும் ஒரு பீரோ இருந்தது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அண்ணே, எனக்கு இன்னைக்குக் கையெழுத்துக் கிடைக்கும். நீங்க வரலைன்னா அதை வாங்கிக்கிட்டு நான் போயிருவேன். சத்தியமா போயிருவேன். என்னை நம்பாதீங்க. இப்பவே வாங்க.”

காசிமாயன் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஏழு வருஷத்தில் அவள் இவ்வளவு நேராகப் பேசி அவர் கேட்டதில்லை. சுருட்டின ஃப்ளெக்ஸை அப்படியே போட்டுவிட்டு, “வாரேன், நட,” என்றார்.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தமும் சிறுநீரும் பரிசோதனைக்குக் கொடுத்து, வரிசை முடிந்து அவர்கள் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது. சத்யப்ரியா என்று பெயர் குத்தியிருந்த இளம் டாக்டர், பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு முதலில் மாத்திரை அட்டையை வாங்கிக் குப்பையில் போட்டாள்.

“கிட்னியைக் கெடுத்தது இதுதான். இனிமே தொடக் கூடாது. நல்லவேளை, கை மீறலை. ஆனா எப்ப ஆரம்பிச்சுதுன்னு தெரிஞ்சா நல்லது. முன்னாடி எங்கயாவது டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?”

“வாரா வாரம் எடுத்திருக்கேங்க.”

டாக்டர் பேனாவை வைத்தாள். “வாரா வாரமா?”

எண் இறங்கினால் புரதம் கசிகிறது என்று சொல்லி, ரம்யாஸ்ரீ நோட்டை மேஜைமேல் வைத்தாள். டாக்டர் புரட்டினாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். அப்புறம் முதலிலிருந்து மெதுவாகப் புரட்டினாள். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் இருமிக் காட்டினார், அவள் நிமிரவில்லை.

“இவ்வளவு சரியா யாரு பாத்தது? மாத்திரை ஆரம்பிச்ச ஆறு மாசத்துலயே இங்க இறங்க ஆரம்பிச்சிருக்கே.” ரம்யாஸ்ரீயைப் பார்த்தாள். “நீங்க இவருக்கு என்ன வேணும்?”

ரம்யாஸ்ரீ யோசிப்பதற்குள் காசிமாயன் முந்திக்கொண்டார். “நான் அவுகளுக்குக் கன்ட்ரோலுங்க.”

டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. “எந்த லேப்? கேஸ் ஷீட்ல எழுதணும்.”

காசிமாயன் வாயைத் திறந்தார். மூடினார். ரம்யாஸ்ரீ பக்கம் திரும்பி, “சொல்லலாமா பாப்பா?” என்றார்.

பைக்குள் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. யாரென்று பார்க்கத் தேவையில்லை. பூட்டின இழுப்பறையும், அதற்குள் பச்சை மையில் காய்ந்துபோயிருக்கும் கையெழுத்தும், பீரோவுக்குள் அடுக்கியிருக்கும் சான்றிதழ்களும் அவளுக்கு வரிசையாகத் தெரிந்தன. ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்.

“சொல்லுங்கண்ணே.”

காசிமாயன் நிமிர்ந்து உட்கார்ந்தார். விழாவில் மைக் டெஸ்ட் செய்கிற தொண்டையில், “கல்வித்தந்தை, கொடைவள்ளல், கல்லூரிகளின் காவலர், அருமை ஐயா உக்கிரபாண்டி அவர்களின்...” என்று ஆரம்பித்தார்.

“காலேஜ் பேரு மட்டும் போதும்,” என்றாள் டாக்டர். எழுதிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். “வெயில்ல வச்சுக் கிட்னி பாக்குற கருவி, அந்த காலேஜா? அடுத்த மாசம் இங்க எங்க ஓ.பி.யிலயே முகாம் போடுறதா லெட்டர் வந்திருக்கே. அதுல நார்மலுக்கு யாரை வச்சிருக்கீங்க?”

“இவரைத்தான்,” என்றாள் ரம்யாஸ்ரீ. “நேத்து வரைக்கும். இனிமே நிறுவனரை வைக்கப்போறாங்க. அவருக்கும் இருக்கு.”

டாக்டர் எழுந்துவிட்டாள். “கொஞ்சம் உள்ள வாங்க. எங்க சீஃபும் கேக்கணும்.”

உள்ளே ஒரு பெஞ்ச், ஒரு மேஜை, மூன்று டாக்டர்கள். டீ வரவில்லை, பொன்னாடை வரவில்லை, குத்துவிளக்குக்கு யாரையும் கூப்பிடவில்லை. கேள்வி மட்டும் வந்தது. எத்தனை பேரிடம் எடுத்தீர்கள்? ஏன் ஒரே ஆள்? இறங்கியபோது ஏன் ஆளைப் பார்க்காமல் தகட்டைப் பார்த்தீர்கள்? படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதியது யார்?

ஏழு வருஷத்தில் அவளை யாரும் கேட்காத கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சில பதில்கள் சொல்லும்போதே வாய் கசந்தது. கடைசிக் கேள்விக்கு, “நான்தான்,” என்றாள். நரைத்த தலை சீஃப் அதையும் எழுதிக்கொண்டார். முகாமை நிறுத்திவைக்கச் சொல்லி ஒரு கடிதமும், பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதமும் போகும் என்றார். “உங்க பேரும் அதுல வரும்மா. கருவி நல்ல கருவிதான். ஆனா முதல்லருந்து செய்யணும். முப்பது பேரு, அம்பது பேரு வச்சு. எவ்வளவு நாளாகும்?”

“ரெண்டு வருஷம் சார்,” என்றாள். பொய் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை.

வெளியே காசிமாயன் கையில் சீட்டும் புது மாத்திரைப் பொட்டலமுமாக நின்றார்.

“முடிஞ்சுதா பாப்பா?”

“இல்லண்ணே.”

போன் மறுபடியும் அதிர்ந்தது. இந்த முறை எடுத்தாள்.

“நோட்டு எங்கம்மா?” என்றார் டீன்.

“கேஸ் ஷீட்டோட தைச்சுட்டாங்க சார்,” என்றாள் ரம்யாஸ்ரீ.

பீரோ சாவி ஆபீஸில் இல்லை என்றும், அது இனிமேல் தன்னிடம்தான் இருக்கும் என்றும் டீன் சொன்னார். அவள் “சரி சார்” என்றாள். காசிமாயன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். திரும்பிப் போகிற சமயநல்லூர் பஸ் எங்கே நிற்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.